தப்ரீஸுக்கு வந்த சீன நாடிநூல்

இஸ்லாமிய உலகின் மொழிபெயர்ப்புப் பணியைப் பேசும்போது நாம் பக்தாதோடும் கிரேக்க நூல்களோடும் நின்றுவிடுகிறோம். கீழ்த்திசையிலிருந்து வந்த செல்வம் நம் கணக்கில் சேர்வதில்லை.

ஈரானை ஆண்ட மங்கோலிய இல்கான்களின் வஸீரும் மருத்துவருமான ரஷீதுத்தீன் ஃபள்லுல்லாஹ்வின் முயற்சியால் 1313-இல் தப்ரீஸில் 'தன்ஸூக்நாமா' எனும் பாரசீக நூல் உருவாயிற்று. சீன மருத்துவத்தின் தலையாய நூல் 'ஹுவாங்தி நெய்ஜிங்'. மஞ்சள் பேரரசர் வினவ, ச்சி போ விடையளிப்பதாக அமைந்தது. நாடி பற்றிய பண்டை அறிவைக் கி.பி. 3-ஆம் நூற்றாண்டில் வாங் ஷுஹே 'மய் ஜிங்' நூலாகத் தொகுத்தார். தப்ரீஸை அடைந்ததோ அவர் பெயரால் வழங்கிய, மாணவர் மனனம் செய்வதற்கான செய்யுள் நூல். (அது பிற்காலத்தவர் ஆக்கம் என்பர் ஆய்வாளர்.)

இப்னு ஸீனாவின் 'அல்கானூன்' பயின்றோர் நாடியை இதயத்தின் அசைவாகவே அறிந்திருந்தனர். சீனரோ ஒவ்வொரு மணிக்கட்டிலும் மூன்றிடங்களைத் தொட்டனர்: இடக்கையில் இதயம், கல்லீரல், சிறுநீரகம், வலக்கையில் நுரையீரல், மண்ணீரல் முதலியன. இத்தகைய அந்நியக் கொள்கையைப் பெயர்த்தவர்கள் பொருளை மட்டும் தந்து அமையவில்லை. சீனச் செய்யுளின் ஒலியையே பாரசீக எழுத்தில் பதிந்து, அதன்பின் பொருளும் விளக்கமும் எழுதினர். மூலத்தின்மீது அவர்கள் கொண்டிருந்த மதிப்பை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்றை நாம் கண்டதில்லை.

1318-இல், இல்கானுக்கு நஞ்சூட்டினார் எனும் குற்றச்சாட்டில் ரஷீதுத்தீன் கொல்லப்பட்டார். தப்ரீஸில் அவர் நிறுவிய கல்விக் குடியிருப்பும் சூறையாடப்பட்டது. 'தன்ஸூக்நாமா'வின் முதற்பகுதி மட்டும் ஒரே கைப்பிரதியாக இஸ்தான்புல்லில் எஞ்சியுள்ளது.