ஈர வெண்பனியின் எடை

ஐப்பசி மாதத்தில் ஜமுனாமரத்தூரில் இடியுடன் பெருமழை பெய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தலையில் விழும் துளிகளுள் பல, சிறிது நேரத்துக்கு முன்னர் வெண்பனியாக இருந்தவை என்றால் நம்புவீர்களா? நம் பகுதியில் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை 0° செல்சியஸ் ஆகிவிடுகிறது. அதற்கும் மேலே ஓங்கி நிற்கும் இடிமேகத்தில் பனிப்படிகங்கள் உண்டாகி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கீழே இறங்குகின்றன. ஜமுனாமரத்தூரோ கடல் மட்டத்துக்கு மேல் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. ஆகவே வரும் வழியிலேயே அவை உருகிவிடுகின்றன. (மார்கழி விடியலில் புல்நுனியில் காணும் பனி வேறு. அது தரையருகே நீராவி குளிர்ந்து படிந்த நீர். இரண்டையும் 'பனி' என்றே நாம் சொல்வது சற்றுத் தொல்லைதான்!)

இந்த உருகுதல் பாதியிலேயே நின்றுவிட்டால் என்ன ஆகும்? காஷ்மீரப் பள்ளத்தாக்கில் குளிர்காலத்தின் கடைசியில் அதைக் காணலாம். மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் காற்றழுத்தத் தாழ்வுகள் ஈரத்தைச் சுமந்து வந்து இமயத்தில் மோதுகின்றன. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தரையருகே காற்று 0°-யை ஒட்டியே இருக்கும். ஒரு கிராம் பனிக்கட்டி உருக 80 கலோரி வெப்பம் வேண்டும். அதைச் சுற்றியுள்ள காற்றுதான் கொடுக்கிறது. கொடுத்த காற்று குளிர்கிறது. ஆதலால் பொழிவு பலமாக இருந்தால் 2° இருந்த காற்றும் 0°-க்கு இறங்கி, மழையாகத் தொடங்கியது வெண்பனியாக மாறிவிடும். உள்ளே நீர் ஊறிய, ஒட்டும் தன்மையுள்ள வெண்பனி அது.

அதன் எடையைக் கணக்கிட்டுப் பாருங்கள். உலர்ந்த புது வெண்பனி ஒரு கன மீட்டருக்கு 100 கிலோகிராம் அளவே இருக்கும். ஈர வெண்பனி 300 கிலோகிராமும் இருக்கலாம். 20 சதுர மீட்டர் கூரையில் 30 சென்டிமீட்டர் ஆழம் ஈர வெண்பனி படிந்தால் 1,800 கிலோகிராம்! அது மின்கம்பியில் உறைபோல் சுற்றிக்கொண்டு கம்பியை அறுக்கிறது. 2019 நவம்பரில், இலை உதிராத ஆப்பிள் மரங்களின் மேல் பருவம் முந்திப் பெரும் வெண்பனி விழுந்தது. இலைகள் ஒவ்வொன்றும் அதைத் தாங்கிப் பிடித்தன. கிளைகள் முறிந்தன, மரங்களே இரண்டாகப் பிளந்தன. ஓர் ஆப்பிள் மரம் நன்றாகக் காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும் என்பதை நினைத்தால் இழப்பு விளங்கும்.

மலைச்சரிவில் நிலைமை இன்னும் கொடியது. பழைய வெண்பனியின் மேல் புதிய சுமை ஏறும்போது, நடுவே பிடிப்பில்லாத அடுக்கு ஒன்று இருந்தால், மேலுள்ளது முழுவதும் சரிந்து இறங்கும். 2005 பிப்ரவரியில் தென் காஷ்மீரத்தின் வால்டெங்கு நார் என்னும் ஊரில் இத்தகைய சரிவில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

மழை பெய்தால் கூரைமேல் கிடக்கும் வெண்பனி கரைந்துவிடும் என்று எண்ணத் தோன்றும். உண்மையில் அது பஞ்சுபோல் மழைநீரை உறிஞ்சி அமுங்குகிறது. பார்ப்பவர் கண்ணுக்கு ஆழம் குறையும். உத்திரத்தின் மேல் எடை கூடும்.