வெட்டியவன் யார்? வெட்ட வைத்தது எது?

  

‘கொலைக்கதை படிப்பது பொழுதுபோக்கா, பாடமா?’ என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அம்மா என்ன சொன்னாங்க? “கொலைக்கதை படித்தால் பிள்ளைகள் கெட்டுப்போகும்” என்றார்கள். நானும் சின்ன வயதில் வாடகை நூல் நிலையத்தில் எடுத்துப் படித்தவன்தான். எனக்கு முன்னால் படித்த புண்ணியவான் முதல் பக்கத்திலேயே பென்சிலால் எழுதியிருப்பான்: ‘கொலை செய்தவன் சமையல்காரன்.’ (சிரிப்பு) அவ்வளவுதான், காலணா வாடகை போச்சு!

ஆனால் அய்யா, கொன்றவன் யார் என்று முதல் பக்கத்திலேயே தெரிந்த பிறகும் கீழே வைக்க முடியாத கதை ஒன்று உண்டு. அது பிறந்தது லண்டனிலும் இல்லை, நியூயார்க்கிலும் இல்லை. இதோ, இந்தக் கோவில்பட்டிக்குப் பக்கத்திலே ஆண்டிபட்டியில் பிறந்த பூமணி எழுதியது. பெயர் ‘வெக்கை’. வெளிவந்த ஆண்டு 1982.

கதை என்ன? சிதம்பரம் என்று ஒரு பையன். வயசு பதினைந்து. அவன் அண்ணன் கொலையாகிறான். கொலைக்குக் காரணமானவர் வடக்கூரான் என்கிற நிலக்காரர். இந்த ஏழை வீட்டு நிலத்தின் மேல் அவருக்குக் கண். பையன் அவர் கையை வெட்டத்தான் போகிறான். வெட்டு விழுந்த வேகத்தில் உயிரே போய்விடுகிறது. அதற்குப் பிறகு அப்பனும் மகனும் காடு மேடாக ஒளிந்து திரிகிற நாட்கள்தான் நாவல் முழுக்க.

இதிலே துப்பறிகிறவர் யார்? பூதக்கண்ணாடி வைத்த ஆளே கிடையாது. படிக்கிற நாம்தான் துப்பறிகிறோம். எதைத் துப்பறிகிறோம்? பள்ளிக்கூடப் பை தூக்க வேண்டிய கை அருவாளைத் தூக்கியது ஏன்? அண்ணன் செத்தபோது சட்டம் எங்கே போனது? ஊர்ப் பெரியவர்கள் எங்கே போனார்கள்? இந்தக் கேள்விகளுக்குக் கடைசிப் பக்கத்தில் விடை கிடையாது. நம்ம வீட்டுத் திண்ணையில்தான் இருக்கிறது.

இன்னொன்று பாருங்க. யார் எந்தச் சாதி என்று பூமணி பெயர் சொல்லி எழுதவில்லை. பெயர் போட்டிருந்தால், “அது அவங்க சமாச்சாரம்” என்று நாம் புத்தகத்தை மூடிவிடுவோம். போடாததால் எல்லா ஊருக்கும் அந்தக் கதை பொருந்துகிறது. அதனால்தான் 2019இல் வெற்றிமாறன் அதை ‘அசுரன்’ என்று படமாக்கியபோது தமிழ்நாடே பார்த்தது. அதே ஆண்டில் ஆங்கிலத்திலும் வந்தது.

இது நம்ம ஊர்க் கதை மட்டும்தானா? அமெரிக்காவிலே ஜான் பால் என்பவர் 1965இல் ஒரு துப்பறியும் நாவல் எழுதினார். தென்பகுதியில் ஒரு சிற்றூர். ராத்திரி ஒரு கொலை. ரயில் நிலையத்தில் ஒரு கறுப்பர் உட்கார்ந்திருக்கிறார். கறுப்பு நிறம், சட்டைப்பையில் பணம். பிடி, இவன்தான் கொலைகாரன்! ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விசாரித்தால், அவரே கொலை வழக்குகளைத் துப்பறியும் போலீஸ் அதிகாரி! (கைதட்டல்) கடைசியில் அந்த ஊர்க் கொலையைக் கண்டுபிடிக்க அவர்தான் உதவ வேண்டியிருக்கிறது. 1967இல் அது படமாகி, சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது.

நமக்கு இது புதுசா? மதுரைக்கு வந்த வெளியூர்க்காரன் கோவலன். பொற்கொல்லன் கைநீட்டினான், விசாரணை இல்லாமலே உயிர் போனது. நம்ம சிலப்பதிகாரமே ஒரு தப்பான தீர்ப்பின் கதைதானே அய்யா!

“அதெல்லாம் பழைய கதை” என்பார் எதிரணித் தலைவர். சரி, இந்தச் சீமையின் கணக்கைப் பார்ப்போம். 1895இல் கழுகுமலைக் கலவரம். 1899இல் சிவகாசிக் கலவரம். இந்த இரண்டையும் பூமணி ‘அஞ்ஞாடி’ நாவலில் எழுதினார். 2014இல் அதற்கு சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. நூறு வருஷம் போனது. தீர்ந்ததா? 1995இல் கொடியன்குளம். 1997இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு மாவீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். கட்டபொம்மனோடு நின்று வெள்ளைக்காரனை எதிர்த்தவர். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று கலவரம். கடைசியில் அரசு என்ன செய்தது? எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும், மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே எடுத்துவிட்டது. பஸ்ஸில் இருந்த பெயர் அழிந்தது. மனசிலே எழுதியது அழிந்ததா?

அழியவில்லை அய்யா. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை அவன் வீட்டுக்குள்ளேயே புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்கள் யார்? கூலிப்படையா? அவனோடு ஒரே பள்ளியில் படித்த பையன்கள்! அதன் பிறகு நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைத்தார்கள். 2024இல் அறிக்கை வந்தது. அதில் ஒரு பரிந்துரை: மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டக் கூடாது.

தாய்மார்களே, உங்களிடம் ஒரு கேள்வி. அந்தக் கயிற்றைப் பிள்ளை எந்தக் கொலைக்கதையில் படித்துக் கற்றுக்கொண்டான்? எந்த நாவலும் அதைச் சொல்லித் தரவில்லை. “அவன் வீட்டிலே தண்ணி வாங்கிக் குடிக்காதே” என்று நாம் சொன்னோமே, அன்றைக்கே முதல் முடிச்சு விழுந்துவிட்டது. அவன் சோறு தின்கிற வீட்டிலேதான் அந்தப் பாடம் நடக்கிறது.

‘வெக்கை’யில் அப்பன் மகனை அடிக்கவில்லை, தட்டிக் கொடுத்துக் கொண்டாடவும் இல்லை. இருட்டிலே அவனுக்குச் சோறு கிடைக்குமா, தூக்கம் வருமா என்று பார்க்கிறான். அருவாள் தூக்கியவனும் பசிக்கிற பிள்ளைதான் என்று அந்தப் பக்கங்கள் காட்டுகின்றன. செத்தவனும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதானே என்று நமக்கே தோன்றிவிடுகிறது. இரண்டு தெருவுக்காகவும் ஒரே நேரத்தில் அழ வைக்கிற கதை பொழுதுபோக்கா?

ஆகவே நடுவர் அவர்களே, கொலைக்கதையை ஒளித்து வைக்காதீர்கள். நல்ல கதையாகத் தேர்ந்தெடுத்துப் பிள்ளையோடு உட்கார்ந்து படியுங்கள். படித்து முடித்ததும், “அந்தப் பையன் கையில் அருவாளைக் கொடுத்தது யாருப்பா?” என்று அவன் கேட்பான். அப்போது பதில் சொல்லத் தயாராக இருங்கள் என்று கேட்டு, பாடமே என்று தீர்ப்பு வழங்க வேண்டி விடைபெறுகிறேன்.