பழைய டப்பாவில் பச்சை இலை: வாசலிலேயே சாலட் தோட்டம்

மதியச் சாப்பாட்டில் சோறும் குழம்பும் தட்டை நிறைத்திருக்கும். காய்கறியோ ஓரத்தில் ஒரு கரண்டிதான் இருக்கும். உங்கள் வீட்டிலும் இப்படித்தானா? சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் ஆரோக்கிய உணவுத்தட்டு முறைப்படி, தட்டின் பாதியில் காய்கறியும் பழமும் இருக்க வேண்டும். கால் பகுதி முழுத்தானியம். மீதிக் கால் பகுதி மீன், முட்டை, பருப்பு போன்றவை.

சில டப்பாக்களில் வளரும் செடிகள் வீட்டுக்குத் தேவையான காய்கறி முழுவதையும் தந்துவிடாது. ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் பச்சை இலை இருந்தால், தினமும் ஒரு பிடி தட்டில் சேரும். அதற்கு அதிகச் செலவும் இல்லை.

எந்த டப்பாவைப் பயன்படுத்தலாம்?

உணவுப் பொருள் இருந்த டப்பாக்களை மட்டும் பயன்படுத்துங்கள். ஐஸ்கிரீம் டப்பா, பாதியாக வெட்டிய சமையல் எண்ணெய்ப் போத்தல், அரிசிப் பை, பழக்கடையில் கிடைக்கும் வெள்ளை நுரைப்பெட்டி ஆகியவை ஏற்றவை. சாயம், பூச்சிமருந்து, சலவைத்தூள் இருந்தவை வேண்டாம். ஆழம் சுமார் 15 சென்டிமீட்டர் இருந்தால் போதும். தண்ணீர் வடிய அடியில் ஐந்தாறு துளைகள் இடுங்கள். இல்லாவிட்டால் வேர் அழுகிவிடும்.

நாற்றங்கால் கடையில் விற்கும் மண் கலவையை நிரப்புங்கள். ஈர மண் கனமாக இருக்கும். அதனால் காலி டப்பாவை வைக்கவேண்டிய இடத்தில் வைத்துவிட்டு, பிறகு மண்ணைப் போடுங்கள். தினமும் குறைந்தது நான்கு மணி நேரம் வெயில் படும் இடமே நல்லது.

எதை வளர்க்கலாம்?

• வெங்காயத்தாள்: சமைத்தபின் வேருடன் உள்ள அடித்தண்டை மண்ணில் ஊன்றுங்கள். ஓரிரு வாரங்களில் மீண்டும் வெட்டலாம்.
• புதினா: சந்தையில் வாங்கிய கட்டிலிருந்து நல்ல தண்டைத் தண்ணீரில் வைத்தால் வேர் விடும். பிறகு மண்ணில் நடுங்கள்.
• லெட்டுஸ்: உருண்டையாகக் கட்டாத, இலை விரியும் வகையைத் தேர்ந்தெடுங்கள். காலை வெயிலும் நண்பகலில் சற்று நிழலும் இதற்கு ஏற்றவை. வெளி இலைகளை மட்டும் பறித்தால் செடி தொடர்ந்து இலை தரும்.
• கங்கோங்: மூன்று நான்கு வாரங்களில் வெட்டலாம். இதைப் பச்சையாகச் சாப்பிடாமல் சமைத்தே உண்ணுங்கள்.

கொசுவுக்கு இடம் கொடுக்காதீர்கள்

டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தேங்கிய சுத்தமான நீரில் முட்டையிடும். அந்த முட்டை ஒரே வாரத்தில் கொசுவாகிவிடலாம். டப்பாவின் அடித்தட்டில் தேங்கும் நீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை கொட்டிவிட்டு, தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள். புதினா வேர் விடும் கிண்ணத்துத் தண்ணீரையும் அப்படியே மாற்றுங்கள். இறுகிய மண்ணின் மேலும் நீர் தேங்கும் என்பதால், மண்ணை அவ்வப்போது கிளறிவிடுங்கள்.

தாழ்வாரம் எல்லோருக்கும் வழி

தீ விபத்து நேர்ந்தால், அண்டை வீட்டாரும் நீங்களும் தாழ்வாரம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அங்கே குறைந்தது 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும். சக்கர நாற்காலியில் செல்பவரையும் நினைத்துக்கொள்ளுங்கள். தடுப்புச் சுவரின் மேலோ சன்னல் விளிம்பிலோ டப்பாவை வைக்காதீர்கள். மேலிருந்து விழும் ஒரு சிறு டப்பா உயிரையே பறிக்கலாம்.

கைகால்களில் கவனம்

மண்ணில் உள்ள சில கிருமிகள் சிறு புண் வழியாகவும் உடலுக்குள் புகும். அவற்றால் வரும் மெலியோய்டோசிஸ் என்ற நோய், நீரிழிவு உள்ளவர்களைக் கடுமையாகத் தாக்கக்கூடும். கையுறையும் பாதத்தை மூடும் காலணியும் அணியுங்கள். மண் கலவைப் பையைத் திறக்கும்போது முகக்கவசம் அணிந்து, தூசி பறக்காமல் சற்று நனைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். புண் சிவந்து வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். மண்ணில் வேலை செய்ததையும் அவரிடம் சொல்லுங்கள்.

குனிந்து வேலை செய்தால் முதுகு வலிக்கிறதா? உறுதியான ஒரு முக்காலியின் மேல் டப்பாவை வைத்து, நாற்காலியில் உட்கார்ந்தபடியே வேலை செய்யலாம்.

தட்டுக்கு வரும் முன்

பச்சையாகச் சாப்பிடும் இலைகளுக்குப் பதப்படுத்தாத கோழி எரு போடாதீர்கள். பறித்த இலைகளை ஒவ்வொன்றாக, ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். லெட்டுஸ், வெங்காயத்தாள், வெள்ளரி ஆகியவற்றை நறுக்கி எலுமிச்சைச் சாறும் மிளகும் தூவினால் உப்பு அதிகம் தேவைப்படாது. கொழுப்புக் குறைந்த தயிரில் புதினாவும் வெள்ளரியும் சேர்த்தால் நல்ல பச்சடி.

மருந்து உட்கொள்பவர்களுக்கு

இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் உட்கொள்பவர்கள், பச்சை இலைகளைத் திடீரென அதிகரிக்கவோ நிறுத்தவோ கூடாது. வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிடுங்கள். அளவை மாற்றும் முன் மருத்துவரிடம் கேளுங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள், எந்தக் கீரையை எவ்வளவு சாப்பிடலாம் என்று உணவியல் நிபுணரிடம் கேட்டறியுங்கள்.

முதலில் ஒரே ஒரு டப்பாவில் வெங்காயத்தாளை ஊன்றிப் பாருங்கள். அது தழைத்த பிறகு அடுத்த டப்பாவை வைக்கலாம்.