நட்ட முடி உதிரும்... பதறாதீர்கள்!

“அண்ணே, தலையணை உறை பூரா முடிண்ணே. நட்டதெல்லாம் போச்சு!”

விடியும் முன்பே வந்த அழைப்பில் சித்தி மகனின் குரல் உடைந்திருந்தது. வயது 29, திருப்பூரில் பின்னலாடை கம்பெனி வேலை. சீட்டு எடுத்த பணத்தில் முடி நட்டு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கல்யாணத்துக்கு இன்னும் ஐந்தே வாரம்.

நட்ட முடி முதலில் உதிரும், பிறகுதான் முளைக்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்ட படிவத்தில் அந்த வரி ஆங்கிலத்தில் இருந்தது. அவன் படிக்கவில்லை, யாரும் படித்துக் காட்டவும் இல்லை.

பிடரியிலிருந்து எடுக்கும் வேர், முன்தலையில் பதிந்து புதிய ரத்த ஓட்டம் பெறும்வரை பட்டினி கிடக்கிறது. அந்த அதிர்ச்சியில் மேலே நிற்கும் முடியைக் கழற்றிவிட்டு ஓய்வெடுக்கப் போய்விடுகிறது. பெரும்பாலும் 2 முதல் 8 வாரத்துக்குள் இது நடக்கும். துளைத்து எடுக்கும் முறையானாலும், தோலைப் பட்டையாக எடுக்கும் முறையானாலும் உதிர்வு உண்டு. பக்கத்தில் ஏற்கெனவே இருந்த பழைய முடியும் கொஞ்சம் கொட்டலாம். அதில் வலுவுள்ளவை திரும்ப முளைக்கும். வழுக்கையால் ஏற்கெனவே மெலிந்துபோனவை சில திரும்பாமலும் போகலாம்.

பழனியில் மொட்டை போட்டு வந்தவர் ‘முடி போச்சே’ என்று அழுவதில்லை. வேர் உள்ளே இருப்பது அவருக்குத் தெரியும். இதுவும் அப்படித்தான். மொட்டைத் தலையில் மறுநாளே முடி எட்டிப் பார்க்கும். இங்கே வேர் ஏறக்குறைய மூன்று மாதம் உறங்கி எழும். உதிர்ந்த முடியின் நுனியில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தால், நட்ட வேரே பிடுங்கிக்கொண்டது என்று பயப்படுகிறார்கள். அது பழைய முடியின் அடிக்குமிழ் மட்டுமே. வேர் பிடுங்கப்படும் ஆபத்து முதல் பத்து நாளோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அப்படிப் பிடுங்கினால் ரத்தம் கசியும்.

3, 4 மாதத்தில் பூனைமுடி போல மெலிதாக முளைக்கும். 6 மாதத்தில் ஓரளவு தலை நிறையும். முழுப் பலனைக் காண 12 மாதம் ஆகும். உச்சந்தலைக்கு 18 மாதம்கூட ஆகலாம்.

எனக்குள்ள கவலை முடியைப் பற்றியது அல்ல. அந்த நடு மாதங்களில் விற்கப்படும் பயத்தைப் பற்றியது. பதறிப்போய்க் கிளினிக்குக்கு ஓடிய தம்பியிடம், “உடனே ஆறு முறை ஊசி போட்டால்தான் நட்டது பிழைக்கும்” என்று சொல்லி மறுபடியும் பணம் கட்ட வைத்தார்கள். இப்படிப்பட்ட ஊசிகளால் பலன் உண்டு என்று சொல்லும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். இருக்கட்டும். தானாக முளைக்கப்போகும் முடிக்குப் பயத்தைக் காட்டிப் பணம் வாங்குவது வைத்தியம் ஆகாது. மூன்றாம் மாதக் கண்ணாடியில் அறுவைக்கு முன்பு இருந்ததைவிட மோசமாகத் தெரியும் ஓர் இளைஞன், யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவான். முன்கூட்டியே தமிழில் ஐந்து நிமிடம் பேசியிருந்தால் அந்தப் பணமும் தூக்கமும் மிஞ்சியிருக்கும்.

சீழ், கூடிக்கொண்டே போகும் வலி, காய்ச்சல், நட்ட இடத்தில் தோல் கறுத்துப்போவது... இவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். வெறும் உதிர்வுக்குப் பொறுமையே போதும்.

கல்யாண ஆல்பத்தில் தம்பி தலைப்பாகையோடுதான் இருக்கிறான். பத்தாம் மாதம் சீப்போடு நின்று ஒரு படம் அனுப்பினான்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: எப்போது உதிரும்? எப்போது முளைக்கும்? அதுவரை என்னைப் பார்க்கப்போகும் மருத்துவர் யார்? பதிலைத் தமிழில் எழுதி வாங்குங்கள். கல்யாணத்துக்காகச் செய்வதென்றால் ஒரு வருடம் முன்பே செய்யுங்கள். அவ்வளவு நாள் இல்லையென்றால், தாலி கட்டிய பிறகு செய்துகொள்ளுங்கள்.