கடலில் வானொலித் தொலைபேசி: இயக்குவோருக்குச் சான்று ஏன்?

நெய்யாறு கடலை அடையும் இடம் பூவாறு. கேரளத்தின் நெய்யாற்றின்கரை வட்டத்திலுள்ள இக்கழிமுகத்தில் உல்லாசப் பயணிகளின் படகுகள் ஓடுகின்றன. சற்றுத் தெற்கே மீனவர் வாழும் பொழியூர், அதையடுத்து நீரோடி. 1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு இணைக்கப்பட்டபோது இவ்விரு ஊர்களுக்கும் இடையே மாநில எல்லை அமைந்தது. ஆனால் வானொலி அலை அவ்வெல்லையை அறியாது. பொழியூர்ப் படகில் பேசுவது நீரோடிப் படகிலும் கேட்கும். இயக்குவோருக்குச் சான்று வேண்டப்படுவதன் காரணம் இதிலேயே அடங்கியுள்ளது.

சிறு படகுகளில் பயன்படுவது மிக உயர் அதிர்வெண் வானொலித் தொலைபேசியாகும். இதில் 16ஆம் அலைவரிசை, அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ், அபாய அழைப்புக்காக உலகெங்கும் ஒதுக்கப்பட்டுள்ளது. பொத்தானை அழுத்தினால் பேசலாம்; விட்டால்தான் கேட்கலாம். ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருத்தல் வேண்டும். பொத்தான் அறியாமலே அழுந்திக் கிடந்தால், அப்படகில் உள்ளோர் எதையும் கேட்க இயலாது. அண்மையிலுள்ள மற்றப் படகுகளுக்கும் அலைவரிசை அடைபட்டுவிடும். இரண்டு ஒலிபரப்புகள் ஒரே நேரத்தில் வந்தால் வலியது மெலியதை மறைத்துவிடும். தொலைவில் மூழ்கும் படகின் மெல்லிய குரலை, அருகிலுள்ளவரின் வீண் பேச்சு அழித்துவிடக்கூடும் என்பது இதனால் விளங்கும். பொதுக் கிணற்றைப்போல் இவ்வலைவரிசையும் அனைவருக்கும் உரியது.

ஆகவே கருவிக்கு அனுமதி ஒன்று, இயக்குபவருக்குச் சான்று மற்றொன்று என இருவகை ஏற்பாடுகள் உள்ளன. இந்தியாவில் கம்பியில்லாக் கருவியை வைத்திருக்கவே அனுமதி வேண்டும் என்பது 1933ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த நெறி. 2023இல் இயற்றப்பட்ட தொலைத்தொடர்புச் சட்டமும் இக்கொள்கையைக் கொண்டுள்ளது. பிரிட்டனில் உல்லாசப் படகில் இக்கருவியை இயக்குவோர் சிறு தேர்வு ஒன்றில் தேறிச் சான்று பெறுகின்றனர். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உள்நாட்டு நீர்ப்பரப்பில் மட்டும் செல்லும் உல்லாசப் படகுக்கு 1996 முதல் தனி உரிமம் தேவையில்லை. எனினும் அபாய அழைப்பின் முறை எங்கும் ஒன்றே.

அம்முறை வருமாறு: ‘மேடே’ என்று மும்முறை கூறவேண்டும், பின்னர் படகின் பெயரை மும்முறை கூறவேண்டும். அடுத்து, படகு இருக்கும் இடம், நேர்ந்த ஆபத்து, வேண்டும் உதவி, படகிலுள்ளோர் தொகை ஆகியவற்றைச் சொல்லிப் பொத்தானை விடவேண்டும். ‘மேடே’ என்பது ‘எனக்கு உதவுங்கள்’ எனும் பொருளுடைய பிரெஞ்சுத் தொடரை ஒட்டியது. 1927இல் வாஷிங்டன் மாநாட்டில் ஏற்கப்பட்டது. தமிழும் மலையாளமும் ஒருங்கே வழங்கும் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதியில் இத்தகைய பொதுச் சொல்லின் பயன் பெரிது. கேட்பவர் எம்மொழியினராயினும், ஓர் உயிர் ஆபத்திலிருப்பதை உடனே அறிவர்.

இக்கருவியின் எல்லையையும் அறிதல் அவசியம். இவ்வலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வதால் பூமியின் வளைவு அவற்றை மறைத்துவிடுகிறது. 4 மீட்டர் உயரமுள்ள அலைவாங்கிகளைக் கொண்ட இரு படகுகள் சுமார் 16 கிலோமீட்டர் வரையிலேயே பேசமுடியும். கரையில் 100 மீட்டர் உயரக் கோபுரம் இருந்தால் சுமார் 49 கிலோமீட்டர் எட்டும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, இக்கரையின் மீனவர் பலர் இவ்வெல்லைக்கு வெகு அப்பால் ஆழ்கடலில் இருந்தனர். கரையின் எச்சரிக்கை அவர்களுக்கு நேரே எட்ட வழியில்லை. பலர் மீளவே இல்லை.

அத்தகைய தொலைவுக்குச் செயற்கைக்கோள் வழியே அறிவிக்கும் 406 மெகாஹெர்ட்ஸ் அபாயக் கருவி போன்றவை வேண்டும். எனினும் அருகிலுள்ள படகுக்கு முதலில் உதவவல்லது பக்கத்துப் படகேயாம். மற்றொருவரின் அபாய அழைப்பைக் கேட்டு, அதற்குக் கரையிலிருந்து மறுமொழி வராவிடில், அதனை ‘மேடே ரிலே’ எனக் கூறி முன்னனுப்புவதும் இயக்குபவரின் கடமை. படகு படகாகச் செய்தி கைமாறும்போது 16 கிலோமீட்டர் என்னும் எல்லையும் விரியும்.

களப் பணியாளர் கருவியை வழங்கும்போதே இப்பயிற்சியையும் அளித்தல் நலம். ஆசிரியர்கள், கருவி ஏதுமின்றியே, மாணவரை இருவர் இருவராக நிறுத்தி அபாய அழைப்பைச் சொல்லிப் பழக்கலாம். ஆனால் உண்மைக் கருவியில் விளையாட்டாக அதனைக் கூறலாகாது என்பதையும் உடன் கற்பிக்கவேண்டும். கடலோரக் காவல்படையின் அவசரத் தொலைபேசி எண் 1554 என்பதையும் ஒவ்வொரு மாணவரும் மனப்பாடம் செய்தல் வேண்டும். சான்று என்பது வெறும் காகிதமன்று. தன் குரலைக் காக்கவும் பிறர் குரலுக்கு இடங்கொடுக்கவும் ஒருவர் கற்றிருக்கிறார் என்பதற்கு அது அடையாளமாகும்.