பெரிய படகை நாமே டிரக்கில் இழுத்துட்டுப் போகலாமா?

அமெரிக்காவில் 30 அடி பவர் போட் வாங்கியாச்சு, வேறு மாநிலத்துக்குக் கொண்டு போகணும். சொந்த பிக்கப் டிரக்கிலேயே இழுத்தால் காசு மிச்சம்தானே? முதலில் டேப் வைத்து அகலத்தை அளந்து பாருங்க. 8.5 அடியைத் தாண்டினால் பெரும்பாலான மாநிலங்களில் பெர்மிட் வேண்டும். அதுவும் வழியில் வரும் ஒவ்வொரு மாநிலத்திலும் தனித்தனியாக!

அடுத்து எடை. விளம்பரத்தில் போடுவது பெரும்பாலும் காலிப் படகின் எடைதான். டிரெய்லர், எரிபொருள், சாமான் எல்லாத்தையும் கூட்டணும். 200 கேலன் பெட்ரோல் மட்டுமே சுமார் 550 கிலோ. மொத்தம் டிரக்கின் இழுவை வரம்பை மீறினால், இறக்கத்தில் பிரேக் போட்டாலும் வண்டி சொன்னபடி நிற்காது.

அகலம், எடை ரெண்டில் ஒன்று இடித்தாலும் தொழில்முறை டிரான்ஸ்போர்ட்டரிடம் விடுவதே நல்லது. பெர்மிட் செலவு கட்டணத்தில் சேர்ந்திருக்கிறதா, சரக்குக் காப்பீடு படகின் விலைக்கு ஈடாகுமா என்பதை எழுத்தில் வாங்கிய பிறகு அட்வான்ஸ் கொடுங்க.