ஈரம் குடிக்கும் பசை

சொறிக்கல்முனையில் அலுமினிய யன்னல் வேலை செய்யும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பாதி பாவித்த சிலிக்கன் டியூப்பை மூடி போட்டுத்தான் வைத்தேன். அடுத்த வேலைக்கு எடுத்தால் உள்ளே இறுகிக் கிடக்கிறது. கடையில் தந்தது போலிச் சரக்கா?"

காலாவதித் திகதியைப் பாருங்கள். அது சரியாக இருந்தால், சந்தேகிக்க வேண்டியது நம் ஊர்க் காற்றைத்தான்.

பெயின்ட் தன்னிடமுள்ள கரைப்பானை இழந்து காய்கிறது. ஹாட்வெயார் கடையில் வாங்கும் சாதாரண சிலிக்கன் இதற்கு நேர்மாறு. காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்தே அது இறுகும். நீராவி பட்டதும் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளின் நுனியில் இருக்கும் அணுக்கூட்டங்கள் கழன்று அசெற்றிக் அமிலமாக வெளியேறுகின்றன. வெறுமையான நுனிகள் ஒன்றோடொன்று பிணைந்து ரப்பராகின்றன. பூசும்போது மூக்கில் ஏறும் வினாகிரி மணம் அந்த அமிலத்தினுடையது. காய்ச்சிய பாலில் ஆடை படிவதுபோல முதலில் மேலே தோல் கட்டும். பிறகு ஈரம் அந்தத் தோலைக் கடந்து உள்ளே போகவேண்டும். அதனால் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மில்லிமீற்றர் ஆழமே இறுகும். டியூப்பின் பிளாஸ்டிக் சுவரும் ஈரத்தை முற்றாகத் தடுப்பதில்லை. வயலும் நீரும் சூழ்ந்த ஊரில், அதுவும் மாரி காலத்தில், கேட்கவும் வேண்டுமா?

மெல்ல இறுகும் அந்தக் குணத்தையே காவலுக்கு வைக்கலாம். வேலை முடிந்ததும் டியூப்பை அழுத்தும் கன்னின் அழுத்தத்தை விடுவியுங்கள். டியூப்பின் மூக்கு நுனியில் சிறிது சிலிக்கனை வெளியே நீட்டி விடுங்கள். அது இறுகி அடைப்பாகிவிடும். அதன்மேல் அலுமினியத் தாளைச் சுற்றி, இறுக மூடும் டப்பாவில் நிழலான இடத்தில் வையுங்கள். சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தையும் கூடப் போடுங்கள். அடுத்த முறை ஓர் ஆணியைத் திருகி இழுத்தால் அடைப்பு கழன்று வரும். இப்படி வைத்தாலும் விரைவில் பாவித்து முடிப்பதே நல்லது.

அச்சு வார்ப்பவர்கள் வாங்கும் இருபாகச் சிலிக்கனில் கவனம் இன்னும் கூட வேண்டும். வெள்ளீய வகையின் ஹாட்னர் போத்தலை ஊற்றிய கையோடு மூடுங்கள். ஈரம் பட்டால் அது கெடும். பிளாட்டினம் வகைக்குக் கந்தகம் ஆகாது. இயற்கை ரப்பர் கையுறை பட்ட இடம் இறுகாமல் பிசுபிசுத்தே கிடக்கும். இரண்டு டின்களின் மூடிகளையும் கலக்கும் குச்சிகளையும் மாற்றிவிடக் கூடாது. பிளாஸ்டர் ஒஃப் பாரிஸும் ஈரம் குடித்துக் கட்டிதட்டினால் அச்சுக்கு உதவாது.

இந்தப் பசை எளிதில் வந்ததல்ல. குவாட்ஸ் மணலைக் கரியோடு சேர்த்து, 2000 பாகை செல்சியஸ் அளவு வெப்பமுள்ள உலையிலிட்டே இதற்கான மூலகத்தைப் பிரிக்கிறார்கள். நொட்டிங்ஹாமில் சிலிக்கன் சேர்மங்களை ஆராய்ந்த ஃப்ரெடரிக் கிப்பிங், அவற்றால் பெரிய பயன் வருமென்று நம்பவில்லை. 1940இல் யூஜின் ரோக்கோ மலிவான செய்முறையைக் கண்டபிறகே இது தொழிலானது. 1969இல் நிலவில் பதிந்த சப்பாத்தின் அடியும் சிலிக்கன் ரப்பர்தான்.

இவ்வளவு உழைப்பில் வந்த பொருளைப் பாதியோடு வாய்க்காலில் எறிகிறோம். இறுகிய சிலிக்கன் இலைதழைபோல் உக்கிப்போகாது. வீணாகும் அரை டியூப், வேலை செய்பவரின் கூலியிலிருந்து போகும் காசு. வாங்குமுன் யன்னலின் அளவைக் கணக்கிடுங்கள். சின்னச் சின்ன வேலைகளைச் சேர்த்து ஒரே நாளில் முடியுங்கள். வேலை பழகவரும் பிள்ளைக்குக் கன் பிடிக்கக் காட்டிக்கொடுக்கும் அன்றே, டியூப்பை மூடிவைக்கவும் காட்டிக்கொடுங்கள்.